புங்கமர நிழலின் அசல்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் புங்கமரத்தின் நிழல், மரத்தைவிட்டுக் கழன்று ஒரு பெண்ணின் தாளுக்குள் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. அந்நேரம் நான் என் கடையில் ஒரு பெரியவரின் ஆதார் அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வரும்படி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், கம்பங்கூழ் விற்கும் தெய்வானையக்கா மோர்மிளகாய் டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், ராசிபுரம் பஸ்ஸுக்காகப் பதினேழு பேர் மரத்தடியில் நின்றிருந்தார்கள், அந்தப் பதினேழு பேர் உச்சந்தலையிலும் ஒரே சமயத்தில் வெயில் இறங்கியது. யாரும் கத்தவில்லை. முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். மரம் இருந்தது, இலை இருந்தது, இலைக்கு நடுவில் வழக்கமான இரண்டு காக்கைகளும் இருந்தன. பிறகு குனிந்து பார்த்தார்கள். தரையில் நிழல் இல்லை. அதன்பிறகு எதிர்ப்பக்கம் சாக்கடைப் பாலத்துக் கல்லில் வரைபலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜீவிதாவைப் பார்த்தார்கள். அவளைச் சுற்றி முப்பதடிக்கு, காற்றுக்கு அசையும் கொழுந்து இலைகளோடு, புங்க நிழல் விரிந்து கிடந்தது. பதினேழு பேரும் ரோட்டைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். பஸ் வழக்கம்போல் தாமதமாகத்தான் வந்தது.

இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு வந்த கேள்வி, இனிமேல் மத்தியானத்தில் எங்கே நிற்பது என்பதுதான்.

என் பெயர் செங்கோட்டுவேல். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் மேற்குப் பார்த்த கடை; ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எங்கள் ஊருக்கு இரண்டு தொழில். ஒன்று, வெறும் சேஸியாக வந்து நிற்கும் லாரிக்குப் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழம் கட்டி அனுப்புவது. இன்னொன்று, வெறும் பிள்ளைகளாக வரும் பிள்ளைகளை ஹாஸ்டலில் போட்டு, கேள்வியும் பதிலுமாகத் திணித்து, டாக்டராகவும் இன்ஜினியராகவும் அனுப்புவது. இரண்டும் பட்டறைதான், சத்தம்தான் வேறு.

இப்படிப்பட்ட ஊரில், பெங்களூரில் ஆறு வருஷம் பிஸ்கட் பாக்கெட்டுக்கு அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்த ஹெப்சிபா என்கிற தூத்துக்குடிக்காரம்மா, வீட்டுக்காரருக்கு பாங்க்கில் மாற்றல் வந்ததால் கூடவே வந்து, என் கடைக்கு மேல் மாடியை வாடகைக்குப் பிடித்து, டிசைன் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி என்று போர்டு மாட்டினார். பெற்றோர்கள் வந்து கேட்ட முதல் கேள்வி, தினம் எத்தனை டெஸ்ட் வைப்பீர்கள் என்பது. முதல் மாதம் டெஸ்டே கிடையாது, ஒரு பொருளை முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், அப்புறம்தான் பென்சில் என்றார் மேடம். கையைக் கட்டி உட்காருவதற்கு எங்கள் வீட்டு சோபாவே போதுமே என்று ஒரு அப்பா என்னிடம் இறங்கிவந்து புலம்பினார். இன்னொருவர், ஷேடிங்குக்கு ஃபார்முலா ஷீட் இருந்தால் முப்பது காப்பி எடுத்து வை, மேடத்துக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தானே. கடையில் விற்கும் கைடில் பானை, பந்து, புட்டி எல்லாவற்றுக்கும் நிழல் வலதுபக்கம் கீழே விழுந்திருக்கும், ஆகவே இந்தப் பூமியில் நிழல் என்றால் வலதுபக்கம் கீழேதான் என்று பதினான்கு பிள்ளைகளும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மேடம் ஒருநாள் ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசை நடுவில் வைத்து, விளக்கைத் தூக்கி வலதுபக்கம் மாட்டினார். நிழல் இடதுபக்கம் நீட்டி விழுந்தது, கண் முன்னால் விழுந்தது, பதின்மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டே வலதுபக்கம் வரைந்தார்கள். ஒருத்தன் இடதுபக்கம் கிடந்த நிழலை, மேசையில் ஏதோ அழுக்கு என்று கைக்குட்டையால் துடைத்தும் பார்த்தானாம். இடதுபக்கம் வரைந்தவள் ஜீவிதா மட்டும்.

அவள் ராசப்பனின் மகள். ராசப்பன் பைபாஸ் பட்டறையில் வெல்டர், லாரி கேபின் கட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கட்டி முடியாத கேபின்களில் ஏறி உட்கார்ந்து பழகிய பெண். மே மாதத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதில் ஒருத்தர் கல்கத்தா வரைக்கும் போகிறார், இதை யாராவது மனுஷன் உட்காருகிற இடமாக மாற்ற வேண்டும், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ராசப்பன் நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன். ஒரே தடவை எழுது, கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் நர்சிங், அதற்குப் பிறகு பேச்சு இல்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். நர்சிங் விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். அவள் போட்டோ ஒட்டிய அந்தத் தாள் என் மேசை டிராயரில் கிடந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த டம்ளரில்தான் முதலில் நடந்தது. ஜீவிதா பத்து நிமிஷம் பார்க்கச் சொன்னதை நாற்பது நிமிஷம் பார்த்தாள், பிறகு வரைந்தாள், வரைந்து முடித்ததும் மேசைமேல் டம்ளர் நிழலில்லாமல் நின்றது, நிழல் அவள் தாளிலிருந்து மேசைக்கு வழிந்து கிடந்தது. மேடம் வந்து குனிந்து பார்த்தார். "வாய் வட்டம் ஒரு இழை சாஞ்சிருக்கு பாரு. நிழல் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். மறுநாள் சந்தேகத்துக்கு, அழித்துப் பார்க்கச் சொன்னார். அழித்தால் நிழல் டம்ளருக்குத் திரும்பவில்லை, ரப்பர் துகளாகத்தான் உதிர்ந்தது. பெருக்கித் தள்ளிய இடத்தில், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு நாள் லேசாக இருட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து நான் ஜெராக்ஸும் எடுத்துப் பார்த்தேன், கோடெல்லாம் அச்சு அசலாக விழுந்தது, நிழல் மட்டும் வரவில்லை. ஆக, எடுத்த நிழல் அந்த ஒரு தாளில்தான் இருக்கும், அழித்தால் யாருக்கும் இல்லை, நகலுக்கு வராது என்று இவ்வளவும் எங்களுக்கு மரம் விஷயத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

மரத்தின் நிழல் போனதும் முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கோபம்தான். தெய்வானையக்கா, பெண்பிள்ளைக்கு வரைய வேறு மரமா கிடைக்கவில்லை என்று கூழ் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து மரத்தைச் சுற்றிவந்து, மரம் வெட்டப்படவில்லை, ஆகவே இதில் எங்களுக்கு வேலை இல்லை என்று போய்விட்டார்கள். ஜீவிதா கன்றிப்போன முகத்தோடு தாளைக் கொண்டுவந்து, மின்கம்பத்துக்கும் என் கடை போர்டுக்கும் நடுவில் கம்பி இழுத்து, இரண்டு துணிக்கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டாள். ஒரு அகலத் தாள், அவ்வளவுதான். அதன் கீழே மரத்தடி மொத்தமும் இருந்தது. பங்குனியில் வரைந்ததால் அது பங்குனி நிழல், துளிர் விட்ட நேரத்து நிழல், சித்திரையிலும் அப்படியே இளசாகக் கிடந்தது.

மூன்றாம் நாள்தான் யாரோ, ராசிபுரம் பஸ் கண்டக்டர் என்று நினைக்கிறேன், மரம் நடக்காது, தாள் நடக்குமே என்றார். அதோடு கோபம் போன இடம் தெரியவில்லை. காலையில் ரேஷன் கடை வரிசைக்கு, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பஸ் ஸ்டாப்புக்கு, மூன்றிலிருந்து ஐந்து வரை என் கடை வாசலுக்கு என்று முறை வந்தது. மேற்கு வெயிலில் என் ஜெராக்ஸ் மெஷின் தினமும் மூன்றரைக்குச் சூடேறித் தாளைக் கடித்துக்கொள்ளும், அந்தச் சனியன் அந்தக் கோடையில் ஒரு தாளைக்கூடக் கடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூமிதிக்க நின்றவர்களுக்கு, முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலுக்கு, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் வாய்விட்டுக் கேட்டதால் செவ்வாய் வியாழனில் அரைமணி நேரம் அவருக்கு. ஒரு செவலை நாய் தாள் போகிற இடமெல்லாம் கூடவே போய்ப் படுத்தது; நாய் எங்கே என்று கேட்டால் நிழல் எங்கே என்று தெரிந்துவிடும். ரேஷன் வரிசைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் ஒருமுறை தகராறு வந்து, தாளின் ஓரம் அரை அங்குலம் கிழிந்து, அதிலிருந்து நிழலில் ஒரு மூலையில் நூல் மாதிரி வெயில் கசிந்தது. நான் லேமினேட் செய்கிறேன் என்றேன். மேடம், உள்ளே காற்று போகாவிட்டால் இலை அசையாது என்று தடுத்துவிட்டார்.

ஒரு கோழிப்பண்ணைக்காரரும் வந்தார். ஊர் நடுவில் நிற்கும் மலையின் நிழல் சாயங்காலம் கிழக்குத் தெருக்கள்மேல் விழுகிறதல்லவா, அதை வரைந்து கொடு, வெயிலில் கோழி செத்துச் செத்து விழுகிறது, நீ கேட்டதைச் செய்கிறேன் என்றார். ஜீவிதாவால் முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வரைந்தாள், படம் அருமையாக வந்தது, நிழல் மலையோடேயே இருந்தது. மலையைப் பார்க்கிறேன், ஆனால் நடுநடுவே கிழக்குத் தெருவில் ஓட்டு வீட்டு வாசலில் பாய்போட்டு உட்காருகிறவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது என்றாள். ஹெப்சிபா மேடம் அவருக்கு விளக்கிச் சொன்னார்: எதை முழுசாகப் பார்க்க முடிகிறதோ அதன் நிழல்தான் இவளிடம் வரும், மனசு ஒரு இழை விலகினாலும் வராது, இதில் திறமைக்குறைவு ஒன்றும் இல்லை. கோழிப்பண்ணைக்காரர், சரிதான், எல்லா டிசைனர்களும் இப்படித்தான் சாக்குச் சொல்கிறார்கள் என்று எழுந்து போனார்.

முதல் கட்டத் தேர்வை ஜீவிதா பிப்ரவரியிலேயே எழுதித் தேறியிருந்தாள். இரண்டாம் கட்டத்துக்கு அவள் வரைந்ததில் பத்துப் படங்களைப் படம் பிடித்து அனுப்பவேண்டும், என் கடையில்தான் ஸ்கேன் எடுத்து ஏற்றினோம். வைகாசி தொடக்கத்தில் பதில் வந்தது. அதை அச்சடித்துக் கொடுத்தவனும் நான்தான், ஆகவே ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். வடக்கே உள்ள கல்லூரியில் நேர்முகத் தேர்வு, பத்துப் படங்களையும் நேரில் கொண்டுவர வேண்டும், ஏழாம் எண் படத்தைப் பற்றித் தேர்வுக் குழு விசேஷமாகப் பேச விரும்புகிறது, அசல் மட்டுமே, நகல் ஏற்கப்படாது, சமர்ப்பித்தவை திருப்பித் தரப்படாது. ஏழாம் எண் புங்கமரம்.

அந்தச் செய்தி தெருவுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் தாளின் கீழே கூட்டம் கூடியது. கூட்டம் என்று யாரும் கூட்டவில்லை, பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்கள், பஸ் வந்தபோது யாரும் ஏறவில்லை. பிள்ளை படிக்கப் போகட்டும், அதில் நமக்குச் சந்தோஷம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள், மனசாரத்தான் சொன்னார்கள். ஆனால் கத்திரி வெயில் முடிய இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வருஷமும் கத்திரி வரும், அதற்கடுத்த வருஷமும் வரும், மரம் வெறுமனே நிற்கும். தெய்வானையக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு, அங்கே குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நிழல் எதற்கு, அவர்கள் படத்தைத்தானே பார்க்கவேண்டும் என்றாள். வேறொருவர், வேலு எடுக்கிற ஜெராக்ஸுக்கும் அசலுக்கும் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாதே என்று என் தொழிலைப் புகழ்ந்தார். எடு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. ஜீவிதாவிடம் கேட்டுப் பார்ப்போமே என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. கேட்டால் அவள் மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது, என் நெஞ்சிலும்.

கிளம்புகிற அன்று, சாயங்காலம் நாலு மணி வெயிலில், அவளே வந்து கிளிப்பைக் கழற்றித் தாளை இறக்கினாள். நிழலில் நின்றவர்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள். செவலை நாய் எழுந்து அவளுக்கு முன்னால் என் கடைக்குள் வந்துவிட்டது. பத்துப் படங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபைலாக்கி, கடிதத்தில் சொன்னபடி நாடா சுற்றி ஒட்டித்தரச் சொல்லிவிட்டு, ஊருக்குப் போக ரொட்டியும் ஜாமும் வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். பத்து நிமிஷம். நான் முன்கூட்டியே நல்ல கெட்டித் தாள் வாங்கி வைத்திருந்தேன், ஸ்கேன் என்னிடம் இருந்தது, முந்தின நாளே அச்செடுத்து, பென்சில் மினுமினுப்பு வருவதற்காகப் பஞ்சில் கரித்தூள் தொட்டு மேலே ஒற்றியும் வைத்திருந்தேன். அரை அங்குலக் கிழிசலைக்கூட அதே இடத்தில் கிழித்திருந்தேன். தொழில் சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஏழாம் உறையில் நகலைப் போட்டு, நாடா சுற்றி, சீல் ஒட்டி, அவள் வந்ததும் கையில் கொடுத்து, "நல்லா பண்ணிட்டு வா கண்ணு" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை புங்க நிழல் ரேஷன் கடை வாசலில் தொங்கியது. அத்தனை பேரும் அதில் நின்றார்கள். இது எப்படி இங்கே இருக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, அன்றைக்கு முழுக்க சர்க்கரை எப்போது போடுவார்கள் என்பதைப் பற்றியே பேசினார்கள்.

எட்டாம் நாள் அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், மணி பன்னிரண்டரை இருக்கும், தாள் பஸ் ஸ்டாப்பில் இருந்தது, கீழே நல்ல கூட்டம். ராசப்பன் முதலில் இறங்கினார், அவர் காலடியில் அவருடைய குட்டை நிழலும் இறங்கியது. ஜீவிதா இறங்கினாள். அவள் காலடியில் ஒன்றும் இல்லை. செருப்பும், செருப்பைச் சுற்றி வெள்ளை வெயிலும்தான். கூட்டத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்க்காமல் அவள் கால்மாட்டைப் பார்த்தார்கள். அவள் அண்ணாந்து கம்பியில் தொங்கிய தாளைப் பார்த்தாள், எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், என் கடைப்பக்கம் திரும்பவில்லை, வெயிலிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

ராசப்பன் என் கடையில் உட்கார்ந்து, மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி அழுதுவிட்டு, நடந்ததைச் சொன்னார். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். ஏழாம் படத்தை எடுத்து, விரலால் தடவி, விளக்கில் பிடித்துப் பார்த்து, இது அச்சு என்று தள்ளி வைத்துவிட்டார்களாம். பிள்ளை ஒரு தாளும் முக்கால் மணி நேரமும் கேட்டு, வெளியே முற்றத்தில் வெயிலில் போய் உட்கார்ந்தாளாம். தெரியாத ஊர், தெரியாத மரம், தெரியாத கட்டடம். முழுசாகத் தெரிந்தது அங்கே ஒன்றுதான் இருந்தது, அதை வரைந்தாளாம். அந்தத் தாளை மூன்று பேரும் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்களாம், அதில் வயதான அம்மா ஒருத்தி முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். சமர்ப்பித்தது சமர்ப்பித்ததுதான், திரும்பத் தர விதி இல்லையாம்.

"அவசரத்துல படம் மாறிப் போயிருக்குதுங்க போல. யாரச் சொல்லி என்ன பண்றது வேலு, எடம் கெடைச்சுதே, அதச் சொல்லு" என்றார் ராசப்பன். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நர்சிங் விண்ணப்பத்தை டிராயரிலிருந்து எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தேன், அதைப் பார்த்து அவர் சிரித்தார். வேறு எதையும் நான் சொல்லவில்லை.

ஊருக்கு அதுவும் பழகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பழகாதது ஒன்று உண்டா. நிழலில்லாத பெண் கடைக்கு வந்தால் முதல் வாரம் ஒதுங்கி வழிவிட்டார்கள், இரண்டாம் வாரம் என்னம்மா வேணும் என்று கேட்டார்கள், மூன்றாம் வாரம் அவளைக் காட்டி, எங்க ஊர்ப் புள்ள, வடக்க பெரிய காலேஜ்ல எடம் வாங்கியிருக்குது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசினார்கள். நாய்கூட அவளை முகர்ந்து பார்த்துவிட்டு நிழலுக்கே திரும்பியது. ஹெப்சிபா மேடம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடிப்படி இறங்கி, என் கடையைத் தாண்டி, மூன்று தெரு தள்ளி உள்ள கடையில் போய் ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தார். மத்தியானம் தாளின் கீழே நிற்கிறவர்கள் முன்னைவிடக் கொஞ்சம் நெருக்கமாக நின்றார்கள், வெயிலைப் பார்த்து நிற்காமல் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள்.

ஆனி கடைசியில் அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, சான்றிதழ் நகல் எடுக்க என் கடைக்கே வந்தாள். மூன்று தெரு தள்ளிப் போயிருக்கலாம், வந்தாள். நகலெல்லாம் எடுத்து அடுக்கிக் கொடுத்துவிட்டு, கல்லாவை மூடிவிட்டு, ரோட்டில் இறங்கி, ஒன்பது மணி வெயிலில் நின்றேன். எனக்கு ஐம்பது வயசு, கொஞ்சம் தொப்பை, என் நிழல் ரோட்டின் பாதிக்கு நீண்டு கிடந்தது.

"என்னோடத எடுத்துக்க கண்ணு. நான்தான் மாத்துனேன். உனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டுப் போயிரு" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேட்டிருந்தீங்கன்னா நானே வெச்சுட்டுப் போயிருப்பனுங்ணா" என்றாள். "வேற படத்தக் காட்டியிருப்பேன். நான் ஏத்துன பத்துல மரத்தத் தவிர இன்னும் ஒம்போது இருந்துச்சு. ஒருத்தரும் கேக்கலியே."

பிறகு பையிலிருந்து பலகையை எடுத்து, சாக்கடைப் பாலத்துக் கல்லில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள், அரைமணி பார்த்தாள். தெய்வானையக்கா கூழ்ப்பானையை மூடிவிட்டு வந்து நின்றாள், ஆட்டோ ஸ்டாண்டு காலியாகி இங்கே வந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அவள் வரையத் தொடங்கினாள். என் கன்னத்தில் வேர்வை வழிந்தது, துடைத்தால் அசைந்ததாகிவிடும் என்று விட்டுவிட்டேன். பென்சில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, போகட்டும், போய்ச் சேரட்டும், இந்தப் பெண் போகிற ஊரில் இவள் காலடியில் தொப்பை வைத்த ஒரு நிழலாவது கிடக்கட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு நின்றேன்.

முடித்துவிட்டு அவள் தாளைத் தூக்கிப் பிடித்தாள். படத்தில் நான் இருந்தேன். சட்டைப் பையில் செருகிய பேனா, மேல் பித்தான் அறுந்த இடம், என் கூன், எல்லாம் அப்படியே. தாளின் கீழே வெயில்தான் விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் நிழல் என் காலோடேயே இருந்தது.

"வரலீங்ணா" என்றாள், அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "நானும் பாத்துப் பாத்துப் பாக்கறேன். உங்களப் பாக்கறப்பல்லாம் நடுவுல அந்த ஃபைல் வந்துருது."

தாளை என்னிடமே கொடுத்துவிட்டு, நகல்களைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை பஸ் ஏறினாள், தெருவே வந்து கையாட்டியது, நான் ஷட்டருக்குள் நின்று பார்த்தேன். ராசப்பன் வரும்போதெல்லாம் சொல்கிறார், நன்றாகப் படிக்கிறாளாம், லாரி சீட்டுக்கு ஏதோ மாடல் செய்து காட்டி எல்லோரும் கைதட்டினார்களாம்.

முறை மாறவில்லை. காலையில் ரேஷன் கடை, மத்தியானம் பஸ் ஸ்டாப், மூன்று மணிக்குத் தாளை என் கடை வாசலில் கொண்டுவந்து கட்டுகிறார்கள், பங்குனி மாதத்து நிழல் படி வரைக்கும் விழுகிறது, மெஷின் சூடாகாமல் ஓடுகிறது. அந்த நிழலுக்குள் நின்றால் யாருடைய நிழலும் தனியாகத் தெரியாது, தெருவே அங்கேதான் நிற்கிறது. நான் மூன்று மணிக்குக் கடையைவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போய் ரோட்டோரம் நின்றுகொள்கிறேன். உள்ள வா வேலு, வெயிலு மண்டையப் பொளக்குது என்று தெய்வானையக்கா தினமும் கூப்பிடுகிறாள், வர்றேன் வர்றேன் என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டு ஐந்து மணி வரை அங்கேயே நிற்கிறேன்.